பதில்: மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடியா, 151 அடியா?

வணக்கம். மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்குப் பார்த்தபோது விக்கிப்பீடியாவில் கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரம் போன வாரம் 115 அடி, இன்று 151 அடி என்று இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். 115தான் சரி.

பக்கத்தின் மேலே உள்ள திருத்த வரலாற்றைத் திறந்தால், யார் எப்போது எந்த எழுத்தை மாற்றினார்கள் என்று தெரியும். 115 எத்தனை பேர் கைபட்டும் நின்றது, 151 சான்றோடு வந்ததா என்று பாருங்கள். கலிபோர்னியாவில் உருவான விக்கிடிரஸ்ட் என்ற கருவி போட்ட கணக்கும் இதுதான்: பல திருத்தங்களைத் தாண்டிய சொல் வெள்ளைப் பின்னணியில், புதிதாக நுழைந்தது ஆரஞ்சில். எழுதியவருக்கு நல்ல பெயர் இருந்தால் மதிப்பு கூடும்.

ஆனால் நம் மாவட்டப் பக்கங்களுக்கு இது மட்டும் போதாது. பார்ப்பவர்களே குறைவு, தவறும் வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அதை ஏதாவது செய்தித்தாள் எடுத்துப்போட, பிறகு அந்தச் செய்தியே சான்றாக ஏறிவிடும். எனக்கு இதுதான் பெரிய கவலை. அதனால் சான்றின் தேதியைப் பாருங்கள். அந்த எண் கட்டுரையில் ஏறிய நாளுக்கு முந்தையதாக இருக்க வேண்டும்.

அப்புறம், நாகர்கோவில் நூலகத்தில் மாவட்ட கெஜட்டியர் (மாவட்ட விவரங்களைத் தொகுத்து அரசு வெளியிடும் நூல்) இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் பக்க எண்ணோடு மகளே திருத்தட்டும்.