ரயில் பார்ப்பதற்கென்றே ஒரு சனி, ஞாயிறு போய் வர ஆற்றங்கரை ஊர் ஏதாவது இருக்கிறதா?

ஆந்திராவில் இருக்கிற ராஜமுந்திரி. யோசிக்கவே வேண்டாம். ஈரோடு, ஸ்ரீரங்கம் என்று பலர் சொல்வார்கள், அவையும் நல்ல ஊர்கள்தான். ஆனால் ரயிலையும் ஆற்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கப் பார்க்க வேண்டுமென்றால் கோதாவரிக் கரைக்குத்தான் போக வேண்டும்.

நம்மில் நிறையப் பேர் ஹவுரா பக்கம் போகும் வண்டியில் இந்த ஊரைத் தாண்டியிருப்போம். பாலம் வந்ததும் ஜன்னலில் போனை வைத்து வீடியோ எடுத்துவிட்டு, கோதாவரி பார்த்தாச்சு என்று மறுபடி படுத்துவிடுவோம். வண்டிக்குள் இருக்கிறவருக்கு ஆறு தெரியும், பாலம் தெரியாது. அதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

இங்கே ரயிலுக்கென்று மூன்று பாலங்கள் உண்டு. பழையது ஹேவ்லாக் பாலம், 1900இல் திறந்தது, 56 கண் (தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கண்). அதற்கு முன்னால் இந்த இடத்தில் ஆற்றைப் படகில்தான் தாண்ட வேண்டும். 1997இல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், இப்போது சும்மா நிற்கிறது. அதன் பக்கத்திலேயே கான்கிரீட் வளைவுப் பாலம், 28 கண். கணக்கைக் கவனியுங்கள், பழையதில் இரண்டு கண்ணுக்குப் புதியதில் ஒன்று. மூன்றாவது 1974இல் வந்த ரயில், சாலைப் பாலம்: மேலே சாலை, கீழே இரும்புக் கூட்டுக்குள் ரயில்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் புஷ்கர் காட் படித்துறைக்குப் போய்விடுங்கள். கொஞ்ச நேரம் பழகிவிட்டால் திரும்பிப் பார்க்காமலே எந்தப் பாலத்தில் வண்டி வருகிறது என்று சொல்லிவிடலாம். இரும்புப் பாலம் என்றால் எஞ்சின் ஏறிய உடனே தடதடவென்று ஒரு இரைச்சல் கிளம்பி கடைசிப் பெட்டி இறங்கும்வரை விடாது, வளைவுப் பாலத்தில் அவ்வளவு சத்தம் இல்லை, வண்டி வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். எக்ஸ்பிரஸ் வண்டிகளை விட எனக்குப் பிடித்தது கூட்ஸ்தான். வளைவுப் பாலம் 2.7 கிலோமீட்டருக்கு மேல் நீளம் என்பதால், ஐம்பதுக்கு மேல் வேகன் கோத்த நிலக்கரி வண்டிகூட எஞ்சினிலிருந்து கார்டு பெட்டிவரை மொத்தமாகப் பாலத்தின் மேல் நிற்கும், அப்படியும் முன்னும் பின்னும் பாலம் மிச்சம் இருக்கும். வேறு எங்கே இப்படி முழு வண்டியைப் பார்க்க முடிகிறது, சொல்லுங்கள்?

சென்னையிலிருந்து போவது சுலபம். சர்க்கார் எக்ஸ்பிரஸில் ராத்திரி தூங்கிக்கொண்டே போகலாம், பகலில் பார்த்துக்கொண்டே போக வேண்டுமென்றால் கோரமண்டல். ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் இப்போது ராஜமகேந்திரவரம், ஆனால் டிக்கெட் போடும்போது ராஜமுந்திரி என்று தேடினால் போதும். கோதாவரி என்று தனியாக ஒரு சின்ன ஸ்டேஷனும் ஊருக்குள் இருக்கிறது, எல்லா வண்டியும் அங்கே நிற்காது.

அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஆடி, ஆவணியில் வெள்ளம் வந்தால் ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடும், அதைப் பார்ப்பதும் ஒரு அழகுதான், படித்துறையில் உட்காரத்தான் இடம் இருக்காது. போட்டோவுக்காகத் தண்டவாளத்தில் ஏறாதீர்கள். ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவில் கேஸ் போடலாம், அது தவிர கரையிலிருந்து கிடைக்கிற படம்தான் நன்றாகவும் இருக்கும்.

கூட வருகிறவர்களுக்கு ரயில் பைத்தியம் இல்லையென்றால் காலையில் தவளேஸ்வரம் அணைக்கட்டுக்கும் ஆர்தர் காட்டன் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போங்கள். தவளேஸ்வரத்தில் முதலில் அணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் இவர், நம் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய அதே காட்டன்தான். திரும்பும்போது ஆளுக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டால், சாயங்காலம் உங்களோடு படித்துறையில் உட்கார ஒத்துக்கொள்வார்கள்.