வெயில் எப்போது தணியும்? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஏப்ரல் முடிவதற்குள்ளேயே 40 டிகிரியைத் தாண்டிவிட்டது. இன்னும் கத்திரி வேறு பாக்கி. தாங்குமா? (ஈரோடு வாசகர்)

பதில்: கத்திரியை நினைத்து நீங்கள் இவ்வளவு பயப்பட வேண்டாம், பயப்பட வேண்டியவர்கள் சென்னை, கடலூர், நாகை பக்கம் இருக்கிறார்கள். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு. வானிலை ஆய்வு மையம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஊருக்கு ஊர் உச்ச வெயில் வேறு வேறு சமயத்தில் வரும். மே பாதிக்கு மேல் மேற்குக் காற்று பிடித்தால், அது பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்து ஈரத்தையும் மேகத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு முதலில் கொங்குப் பக்கம்தான் நுழையும், கோவையும் பொள்ளாச்சியும் அப்போதே மூச்சுவிடத் தொடங்கிவிடும். அதே காற்று காய்ந்த தரையைக் கடந்து கிழக்குக் கரையைத் தொடும்போது அனலாக மாறியிருக்கும். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி அடித்தது. மே மூன்றாம் வாரத்தில் அதே நீலகிரிக்குக் கனமழை எச்சரிக்கை.

கேள்வி: செல்போனில் 37 என்றுதான் காட்டுகிறது, வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. குறைத்துச் சொல்கிறார்களா? (சென்னை வாசகி)

பதில்: இல்லைங்க. வெப்பமானியைச் சுமார் 4 அடி உயரத்தில், காற்று புகுந்து போகும்படி சட்டம் வைத்த வெள்ளை மரப்பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்கள். அது நிழலில் உள்ள காற்றின் வெப்பம். உங்கள் மொட்டை மாடித் தளம் நாள் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரி கீழே இறக்குவது அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

சென்னையைப் பொறுத்தவரை எல்லாமே கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதில்தான் இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு மணிக்குள் வந்துவிட்டால் வெப்பம் 36, 37-ல் நின்றுவிடும். மேற்குக் காற்று வலுவாக இருந்தால் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்பட்டு இரண்டு, மூன்று மணிக்குத்தான் வரும், அதற்குள் 40-ஐத் தொட்டுவிடும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் பல நாட்கள் நுங்கம்பாக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகப் பதிவாவதும் இதனால்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி. சரி, கடற்காற்று வந்த பிறகாவது நிம்மதியா என்றால், வெப்பம் இறங்கும்போது ஈரப்பதம் ஏறிவிடுகிறது, வியர்வை காய்வதில்லை. அறிக்கையில் 'அசௌகரியம் ஏற்படலாம்' என்று நாசூக்காக எழுதுவது இந்தப் புழுக்கத்தைத்தான்.

கேள்வி: தினமும் 'ஓரிரு இடங்களில் மழை' என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு சொட்டு இல்லை, பக்கத்து ஊரில் வாழையே சாய்ந்துவிட்டது. (கரூர் மாவட்ட விவசாயி)

பதில்: ஓரிரு இடங்கள் என்றால் மழைமானி வைத்த நிலையங்களில் நாலில் ஒரு பங்கு வரைக்கும்தான் மழை என்று பொருள். மீதி முக்கால் பங்கில் பெய்யாவிட்டாலும் கணிப்பு பலித்த மாதிரிதான்! கோடை மழை பருவமழை போல மாவட்டம் முழுக்கப் போர்த்திக்கொண்டு பெய்யாது. காலையில் தரை சூடாகி, வங்கக்கடல் பக்கத்து ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் காற்றும் சந்திக்கிற கோட்டில் மதியத்துக்கு மேல் மேகம் குத்துக்குத்தாக எழும்பும். ஒரு மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். அது உங்கள் தோட்டத்துக்கு மேலே உடையுமா, பக்கத்து ஊரிலா என்று காலையிலேயே யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வானிலை மையத்தின் ரேடார் படத்தைப் பாருங்கள், அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அதுதான் ஓரளவு உதவும். திடீரென்று குளிர்ந்த காற்று புழுதியோடு அடித்தால் மழை மேகம் கிட்டத்தில் இருக்கிறது, அந்தக் காற்றுதான் வாழையைச் சாய்ப்பது. முட்டுக் கொடுப்பதை இப்போதே முடித்துவிடுங்கள். இடி கேட்டால் மட்டும் தென்னைக்கும் புளியமரத்துக்கும் அடியில் ஒதுங்காதீர்கள்.

கேள்வி: வங்கக்கடலில் புயல் வந்தால் சூடு தணியும்தானே? (விழுப்புரம் வாசகர்)

பதில்: நம் கரைக்கு வந்தால் தணியும். வடக்கே போனால் உள்ளதும் போச்சு. 2019-ல் ஃபானி புயல் மே 3 அன்று ஒடிசாவில் பூரி அருகே கரையைக் கடந்தது, சென்னை மழைக்குக் காத்திருந்து ஏமாந்ததுதான் மிச்சம். அப்படிப் போகிற புயல் ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நமக்கு நிலப்பகுதியின் வறண்ட காற்றைத் திருப்பிவிடும்.

கேள்வி: 40 டிகிரி வந்தாலே வெப்ப அலையா? (வேலூர் வாசகி)

பதில்: இல்லை. சமவெளியில் 40-ஐத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். கடலோரத்தில் 37 போதும், ஆனால் அந்த 4.5 அங்கேயும் உண்டு. வேலூரில் மே மாதத்தில் 40 என்பது சாதாரணம், அதனால்தான் உங்களுக்கு அறிவிப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. அறிவிப்பு இல்லையென்று மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியே அலையாதீர்கள், உடம்புக்கு இயல்பு, விலகல் எல்லாம் தெரியாது.

கேள்வி: ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா? குறுவைக்கு நாற்று விடலாமா? (தஞ்சாவூர் விவசாயி)

பதில்: நம்மூர் கோடை மழை இதற்கு அவ்வளவாக உதவாது. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, கர்நாடக அணைகள் நிரம்பி, அப்புறம்தான் நமக்கு. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. அணை மட்டம் முழுக் கொள்ளளவான 120 அடிக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று மே கடைசியில் பாருங்கள். போர்வெல் உள்ளவர்கள் துணிந்து நாற்று விடலாம், ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்புகிறவர்கள் திறப்பு அறிவிப்பு வரும்வரை விதை நெல்லை மூட்டையிலேயே வைத்திருங்கள்.