ஓட்டுக்கு முன் வாக்குறுதி, ஓட்டுக்குப் பின் தகுதிப் பட்டியல்

கேள்வி: தேர்தல் வந்தால் குடிசைவாசிகளுக்கு அடுக்குமாடி வீடு என்று எல்லாக் கட்சிகளும் அறிவிக்கின்றன. பொது இடத்தை ஆக்கிரமித்தவருக்கு வீடு. கூட்டுறவுச் சங்கத்தில் ஃப்ளாட் வாங்கி, இருபது வருடம் கடனும் வரியும் கட்டிய என்னைப் போன்றவருக்கு ஒன்றுமில்லை. மதராசி கேம்ப் குடிசைப் பகுதி இடிக்கப்பட்டபோதும் அங்கிருந்தவர்கள் தமிழர்கள் என்பதற்காகவே பரிந்து எழுதினீர்கள். ஓட்டுக்காகப் பொதுச் சொத்தைத் தாரைவார்ப்பது நியாயமா?
- ஒரு வாசகர், துவாரகா, புது டெல்லி

பதில்: ஓட்டை மனத்தில் வைத்துத்தான் வீடு கொடுக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அசோக் விஹாரில் குடிசைவாசிகளுக்காகக் கட்டப்பட்ட 1,675 வீடுகளைப் பிரதமர் திறந்துவைத்தது 2025 ஜனவரி 3-ஆம் தேதி. டெல்லி சட்டமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டது ஜனவரி 7-ஆம் தேதி. குடிசை இருந்த இடத்திலேயே வீடு என்ற ‘ஜஹாங் ஜுக்கி, வஹீங் மகான்’ முழக்கத்தை பாரதிய ஜனதா கட்சியும் ஆம் ஆத்மி கட்சியும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லிவந்தன. இதில் நியாயம் கெட்டிருக்கிறது என்பதை ஏற்கிறேன். கெட்ட இடம் நீங்கள் காட்டும் இடம் அன்று.

உங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். துவாரகாவின் கூட்டுறவுச் சங்கங்கள் நிற்கும் நிலம், கிராமத்து விவசாயிகளிடமிருந்து அரசு கையகப்படுத்தி, டெல்லி வளர்ச்சி ஆணையம் வழியாகச் சந்தை விலைக்கு ஒதுக்காமல் முன்கூட்டி நிர்ணயித்த விலைக்கு ஒதுக்கிய நிலம். வீட்டுக் கடனின் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு. 2017 முதல் 2021 மார்ச் வரை நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்கு 2.35 லட்சம் ரூபாய் வரை வட்டி மானியமும் கிடைத்தது. இவை தவறு என்று நான் சொல்லவில்லை. இவையும் பொதுப்பணம்தான் என்பதை மறந்துவிட்டு, குடிசைக்குக் கொடுப்பதை மட்டும் தாரைவார்ப்பு என்று சொல்வதுதான் தவறு.

ஆக்கிரமிப்பு என்ற வாதத்தையும் எல்லோருக்கும் ஒரே அளவில் வைக்க வேண்டும். டெல்லியில் அனுமதி இல்லாமல் மனை பிரித்து, மாடி மேல் மாடி கட்டி விற்கப்பட்ட 1,731 காலனிகளில் குடியிருப்போருக்குச் சொத்துரிமை வழங்க 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2020 பிப்ரவரியில் சட்டமன்றத் தேர்தல். அந்தக் காலனிகளில் பல அரசு நிலத்தின் மீதே எழுந்தவை. அதை எதிர்த்து நடுத்தர வர்க்கத்திடமிருந்து எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. சட்டத்தை மீறிக் கட்டியவரிடம் பத்திரம் இருந்தால் அவர் உரிமையாளர், தகரக் கூரை மட்டும் இருந்தால் ஆக்கிரமிப்பாளர் என்பது எந்த ஊர் நியாயம்?

இனி மதராசி கேம்ப். ஜங்புராவை ஒட்டிய பாராபுல்லா கால்வாயின் கரையில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த அந்தக் குடியிருப்பு, டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2025 மே 9-ஆம் தேதி உத்தரவின்படி ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. கால்வாய் அடைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் சுற்றுப்புறம் முழுவதும் வெள்ளத்தில் நிற்கும் என்பது உண்மை; தண்ணீருக்கு வழிவிட வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சுமார் 370 குடிசைகளில் 189 மட்டுமே டெல்லியின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று முதலில் கணக்காயிற்று. மற்றவர்கள் எப்படித் தகுதி இழந்தார்கள் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

டெல்லியின் 2015 மறுகுடியமர்த்தல் கொள்கைப்படி, குடியிருப்பு 2006-க்கு முன்னும், குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன்னும் இருந்திருக்க வேண்டும். 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது பெயர் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். அதாவது, ஓட்டர் லிஸ்ட்தான் வீட்டுக்கான சீட்டு. திருமணமாகி வந்தும் ஊர்ப் பட்டியலிலேயே பெயரை விட்டுவைத்த பெண், பட்டியல் திருத்தத்தில் காரணம் தெரியாமல் பெயர் நீக்கப்பட்டவர் ஆகியோர் அங்கேயே வாழ்ந்தார்கள் என்பதற்கு அக்கம்பக்கமே சாட்சியாக இருந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரேஷன் கார்டில் தந்தை பெயரின் முதலெழுத்தோடு இருக்கும் முருகன், வாக்காளர் அட்டையில் தந்தை பெயரையே குடும்பப் பெயராக ஏற்றுக்கொண்டு வேறொரு முருகன் ஆகிவிடுகிறார். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த இரண்டு காகிதங்களும் ஒன்றுக்கொன்று எதிர்சாட்சி சொல்கின்றன. கணக்கெடுக்க வருபவர் பகலில் வந்தால், பெண்கள் ஜங்புராவில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். வேலைக்குப் போனவரை விட்டுவிடாமல், தேவைப்பட்டால் பலமுறை சென்று கணக்கெடுக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010-இல், குடிசை அகற்றம் தொடர்பான சுதாமா சிங் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது.

தகுதி பெற்றவர்களின் நிலையும் நிம்மதியாக இல்லை. நரேலா சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஜங்புராவில் வேலை தொடங்கும் பெண் அங்கிருந்து எப்படி வருவாள்? டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றுகூட நரேலா பக்கம் இல்லை; லோதி எஸ்டேட் பள்ளிக்கு நடந்தே போன பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு அதோடு முடிந்தது. ‘அதே இடத்தில் வீடு’ என்ற வாக்குறுதியை நம்பி ஓட்டுப் போட்டவர்களுக்கு நாலே மாதத்தில் கிடைத்தது இது.

ஆகவே, தேர்தலுக்காக வீடு கொடுப்பது என் குற்றச்சாட்டு அன்று. ஏழைக்குத் தேர்தலை விட்டால் அரசிடம் பேரம் பேச வேறு சந்தர்ப்பமும் இல்லை. ஓட்டுக் கேட்கும்போது வாக்குறுதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது, ஓட்டு எண்ணி முடிந்த பிறகே நிபந்தனைகள் வெளியே வருகின்றன, அநியாயம் இங்கேதான். உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியதைத் தொடர்ந்து, தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதியின் அடிப்படையையும் அதற்குப் பணம் வரும் வழியையும் கட்சிகள் குறிப்பிட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நடத்தை விதியில் சேர்த்தது. வீட்டு வாக்குறுதிக்கு அது போதாது. எந்தக் குடியிருப்பு, எந்தத் தேதி வரை, எங்கே வீடு, யார் விடுபடுவார்கள் என்பதையும் ஓட்டுக்கு முன்பே சொல்ல வைக்க வேண்டும். தகுதிப் பட்டியலைக் காரணங்களோடு குடியிருப்பிலேயே, அங்கிருப்பவர்கள் படிக்கும் மொழியில் ஒட்ட வேண்டும். கடைசி மேல்முறையீடு முடியும் வரை ஒரு சுவரையும் தொடக் கூடாது.

அடுத்த முறை வேட்பாளர் உங்கள் சங்கத்துக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது, பொதுச் சொத்தின் மீது இத்தனை அக்கறை உள்ள நீங்கள் இதைக் கேளுங்கள். அதற்கு முன், உங்கள் வளாகத்தில் வேலை செய்யும் பெண்களின் பெயர் டெல்லி வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா, ரேஷன் கார்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருத்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.