உப்புக்கறைக்கு ஆசிட் எதற்கு? எலுமிச்சை உப்பு போதும்

கேள்வி: பாளையங்கோட்டைக்கு வெளியே வீடு கட்டி மூன்று வருடம் ஆகிறது. கார்ப்பரேஷன் தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். மற்றதெல்லாம் போர் தண்ணீர். குழாய், டைல்ஸ், வாளி எல்லாவற்றிலும் வெள்ளையாக உப்பு படிகிறது. தெருவில் பினாயில் விற்க வருகிறவரிடம் ஆசிட் வாங்கித்தான் கழுவுகிறேன். குழாயின் பளபளப்பு போய் உள்ளே மஞ்சள் தெரிகிறது. போன வாரம் பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்ததை மறந்து ஆசிட்டை ஊற்றிவிட்டேன். தொண்டை எரிந்து இருமல் வந்துவிட்டது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள். ஆசிட் இல்லாமல் கறை போகுமா? வினிகரும் பேக்கிங் சோடாவும் போதும் என்கிறார்கள். தண்ணீரில் உப்பை எடுக்கிற மெஷின் மாட்டினால்தான் தீரும் என்று வீட்டுக்கு வந்த ஒருவர் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: முதலில் அந்த இருமல். நீங்கள் மூச்சில் இழுத்தது குளோரின் வாயு. பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பு சேர்ந்தாலும் அது கிளம்பும்; வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தாலும்தான், அளவு மட்டும் கூடக்குறைய இருக்கும். இன்னும் இருமல் இருந்தால் இன்றே டாக்டரைப் பாருங்கள். மறுபடி இப்படி நேர்ந்தால், தண்ணீரை ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று உள்ளே நிற்காதீர்கள். கதவைத் திறந்துபோட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். சில மணி நேரம் கழித்து மூச்சு முட்டினாலும் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்; நுரையீரலில் நீர் கோப்பது உடனே தெரியாது. பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றைக்கு அந்த அறையில் வேறு எந்தக் கழுவும் பொருளும் வேண்டாம். நன்றாக அலசிவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இனி கறை. உப்புக்கறை என்று சொன்னாலும் அதில் பெரும்பகுதி சுண்ணாம்புதான். போர் தண்ணீரில் கரைந்திருப்பது, தண்ணீர் காய்ந்ததும் அந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. ஆசிட் அதைக் கரைக்கும், உண்மை. ஆனால் டைல்ஸ் இடுக்கில் பூசிய வெள்ளை சிமென்டும் சுண்ணாம்பு சேர்ந்ததுதான். அதையும் சேர்த்தே அரிக்கும். இடுக்கு அரித்துப்போனால் தண்ணீர் சுவருக்குள் இறங்கி மறுபக்கம் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். குழாயில் தெரிகிற மஞ்சள், முலாம் போய் வெளியே வந்த பித்தளை. அது எந்த மருந்துக்கும் திரும்ப வராது.

உங்களுக்கு வேண்டியது எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். சீனி மாதிரி வெள்ளையாக இருக்கும். பெயரில் ஆசிட் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போடுங்கள், மேசைக்கரண்டியில் தலைதட்டி மூன்றரை கரண்டி. எலுமிச்சைச் சாற்றில் இருக்கிற புளிப்பும் ஏறக்குறைய இதே அளவுதான். கரைசல் கண்ணில் பட்டால் எரியும், அதனால் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது செய்யாதீர்கள்.

குழாய்க்கு: பழைய வேட்டித் துணியைக் கரைசலில் முக்கி, பிழியாமல் குழாயைச் சுற்றிக் கட்டுங்கள். 15 நிமிடம் போதும். அவிழ்த்ததும் கறை மாவுபோலக் குழைந்திருக்கும். பழைய டூத் பிரஷால் தேய்த்து, நல்லதண்ணீரில் அலசி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். குழாய் முனையில் இருக்கும் வலையைக் கழற்றி ஒரு டம்ளர் கரைசலில் அரை மணி நேரம் போட்டால் அடைப்பு விட்டுவிடும்.

டைல்ஸுக்கு: முதலில் வெறும் தண்ணீரால் சுவரை நனையுங்கள். இதை யாரும் செய்வதில்லை. இடுக்கு சிமென்ட் முன்பே தண்ணீரைக் குடித்திருந்தால் புளிப்பு உள்ளே இறங்காது. பிறகு கரைசலைத் தடவி, 10 நிமிடம் விட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். மூன்று வருடக் கறை ஒரே நாளில் போகாது. அளவைக் கூட்டாதீர்கள், வாரம் ஒரு தடவையாக மூன்று, நான்கு தடவை செய்யுங்கள்.

டாய்லெட் கோப்பையில் நிற்கிற தண்ணீர் கரைசலை நீர்க்க வைத்துவிடும். அதனால் பிரஷால் தண்ணீரை உள்ளே தள்ளிவிட்டு, கரைசலில் நனைத்த பழைய துணியைக் கறைமேல் ராத்திரி முழுக்கப் பரப்பி வையுங்கள். காலையில் துணியை எடுத்துவிட்டுத் தேயுங்கள். துணியை உள்ளே விட்டுவிட்டால் அடைப்பு எடுக்க ஆள் தேட வேண்டிவரும்.

சில இடங்களில் இதைத் தொடவே கூடாது. கடப்பாக்கல், மார்பிள், மொசைக். உங்களுடையது புது வீடு, அடுப்படி மேடை கிரானைட்டாக இருக்கலாம். ஆனால் அலமாரித் தட்டு கடப்பாவாக இருக்கும். மாமியார் வீடு பழைய வீடு என்றால் அங்கணத்தில் பதித்ததும் கடப்பாதான். கடப்பாவும் மார்பிளும் சுண்ணாம்புக் கல். மொசைக்கில் சிமென்டும் மார்பிள் சில்லும் கலந்திருக்கும். எலுமிச்சை, புளி, வினிகர், ஆசிட் எது பட்டாலும் கல்லே கரையும். ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிய இடத்தில் வெளிறிப்போய் ஒரு வட்டம் விழுந்திருக்குமே, அது கறை இல்லை, அந்த இடத்தில் கல் போய்விட்டது. தேய்க்கத் தேய்க்கப் பெரிதாகும்; பாலிஷ் போட்டால்தான் சரியாகும். சந்தேகமாக இருந்தால் மறைவான மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு மூன்று நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பொங்கினாலோ மங்கினாலோ அது சுண்ணாம்புக் கல். அந்த இடங்களுக்குப் பூவந்திக்கொட்டை (சோப்புக்காய்) தண்ணீர் மட்டும் போதும். தடித்துப்போன கறையைப் பழைய ஏ.டி.எம். கார்டால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள்.

வினிகரும் பேக்கிங் சோடாவும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வீடியோவில் நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று புளிப்பு, இன்னொன்று காரம். சேர்ந்ததும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். நுரை அடங்கியபின் மிஞ்சுவது கறையைத் தொடாத உப்புத் தண்ணீர். வினிகரைத் தனியாகப் போட்டால் வேலை செய்யும். ஆனால் எலுமிச்சை உப்பைவிடச் செலவு அதிகம், தடவைக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் வீட்டில் சேரும்.

மெஷின்காரரிடம்தான் மிகுந்த கவனம் வேண்டும். உங்கள் வீட்டிலும் இதைத்தான் செய்து காட்டியிருப்பார்: இரண்டு டம்ளர், ஒன்றில் உங்கள் போர் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். உங்கள் தண்ணீர் துருநிறத்தில் கலங்கி சகதியாகும், அவருடையது தெளிவாக நிற்கும். "இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்" என்பார். அந்தச் சகதி தண்ணீரில் இருந்ததில்லை. அவருடைய இரும்புக் கம்பிதான் கரைந்து வந்திருக்கிறது. உப்பு இருக்கிற தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி கரையும். உப்பு எடுத்த தண்ணீரில் அவ்வளவு ஓடாது. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி பாய்ச்சச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். தாயைப் பயமுறுத்தி ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு போகிற இந்த வேலையைக் கண்டால் மனம் கொதிக்கிறது.

அவர் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பைத்தான் சொல்லும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். அறிக்கையில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் படியுங்கள்; கறையாகப் படிகிற உப்பின் அளவைச் சொல்வது அதுதான். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். குடிக்கவும் சமைக்கவும் கார்ப்பரேஷனில் வருகிற தாமிரபரணித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் கறைக்காக மட்டும் மெஷின் வாங்குவது வீண்.

கறை வராமல் இருக்க வழி, தண்ணீரைக் காய விடாமல் துடைப்பது. குளித்து முடித்ததும் சுவரை வைப்பரால் ஒரு இழுப்பு, குழாயைத் துணியால் ஒரு துடைப்பு, ஒரு நிமிடம். இதைச் செய்தால் எலுமிச்சை உப்புக்கும் மாதம் ஒரு தடவைக்கு மேல் வேலை இருக்காது.

தினசரித் தரைக்கும் பாத்திரத்துக்கும் பூவந்திக்கொட்டை. சோப்பு போர் தண்ணீரில் திரிந்து பிசுக்காக ஒட்டும், பூவந்தி திரியாது. விதை நீக்கிய தோல் 15 எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கசக்கி வடிகட்டுங்கள். வெளியில் வைத்தால் இரண்டு நாளில் புளித்துவிடும், அதனால் அளவாகச் செய்யுங்கள். தரை துடைக்க அரை வாளிக்கு ஒரு டம்ளர். சக்கை செடிக்கு உரம். மீன் தொட்டியிலோ குளத்திலோ அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள்; மீனுக்கு அது விஷம்.

ஆசிட் விற்பனை பற்றி ஒரு வார்த்தை. சில்லறை விற்பனைக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது: வாங்குகிறவர் பெயரும் முகவரியும் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது தெருத்தெருவாகப் பழைய குடிநீர் பாட்டிலில், லேபிள் இல்லாமல் வருகிறது. சட்டம் எழுதியவர்களும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் ஒரு நாள் இந்தத் தெருக்களில் நடந்து பார்த்தால் போதும். குழந்தை அதைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்டது வரும்போதும் சுடும். வாயைக் கழுவிவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் மிச்சம் இருக்கிற ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பழைய சாமான்காரரிடம் பாட்டிலோடு கொடுத்தும் விடாதீர்கள். குழந்தை தூங்கும்போது, புறவாசலில் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிளாஸ்டிக் வாளியில் முக்கால்வாசி தண்ணீர் எடுத்து, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். பிறகு சலவைச் சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள், ஒவ்வொரு தடவையும் பொங்கி அடங்கட்டும். பொங்குவது நின்றால் ஆசிட் தீர்ந்தது. அந்தத் தண்ணீரை டாய்லெட்டில் ஊற்றி இரண்டு வாளி தண்ணீர் விடுங்கள், தென்னங்கன்றுக்கு வேண்டாம். காலி பாட்டிலை மூன்று தடவை அலசி, மறுபடி யாரும் தண்ணீர் பிடிக்க முடியாதபடி கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள்.