செலஸ்டே: கைகொடுக்கும் இடமும் கைவிடும் இடமும்

கேள்வி: தம்பி சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். ‘செலஸ்டே’ கேமை வாங்கித் தரச் சொல்லி ஒரு மாதமாகக் கேட்கிறான். எங்களிடம் இருப்பது 4 ஜீபி ராம் உள்ள பழைய லெப்டொப்தான், கொன்ட்ரோலர் இல்லை. ‘ஆயிரம் தடவை சாக வேண்டும், பாதியில் விட்டுவிடுவாய்’ என்று அவனுடைய கூட்டாளிகள் சொல்கிறார்கள். காசு வீணாகிவிடுமா? (மஸ்கெலியாவிலிருந்து ஒரு அக்கா)

பதில்: வாங்கிக் கொடுங்கள். அதற்கு முன் கீபோடைச் சோதித்துவிடுங்கள். கீபோட் செய்யும் பிழையைத் தன் கையின் பிழை என்று நினைத்துச் சோர்ந்து போகிறவர்கள் இந்தக் கேமில் நிறையப் பேர்.

செலஸ்டே 2018 ஜனவரியில் வெளிவந்தது. மட்லின் என்ற இளம்பெண் ஒரு மலையேறுகிறாள், அவ்வளவுதான் கதை. குதித்தல், பாய்தல், சுவரைப் பிடித்தல் என்று மூன்றே வேலைகள். எட்டுத் திசையில் எதிலும் பாயலாம். ஆனால் ஒருமுறை பாய்ந்தால், கால் தரையில் பட்ட பிறகோ பச்சைப் பளிங்கைத் தொட்ட பிறகோதான் அடுத்த பாய்ச்சல் கிடைக்கும்.

கூட்டாளிகள் சொல்வது உண்மைதான். முதல் ஏழு அத்தியாயங்களை முடிக்கப் புதியவருக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் பிடிக்கும், அதற்குள் சாவுக் கணக்கு ஆயிரத்தைத் தாண்டுவது வழமை. ஆனால் இங்கே சாவுக்கு விலை கிடையாது. உயிர் எண்ணிக்கை இல்லை, ‘கேம் ஓவர்’ இல்லை. ஏறக்குறைய ஒரு நொடியில் அதே திரையின் வாசலில் மறுபடி நிற்பாள். நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர் அம்பலத்துக்கு அம்பலம் இருந்து போவதைப் போல, ஒவ்வொரு திரையும் ஒரு அம்பலம். தவறினால் பத்துப் படி கீழே போவீர்களே தவிர அடிவாரத்துக்குப் போக மாட்டீர்கள்.

இந்தக் கேமின் பெரிய பலம் கண்ணுக்குத் தெரியாதது. விளிம்பைத் தாண்டிக் கால் அந்தரத்தில் போன பிறகும் 0.1 நொடி வரை குதிக்கலாம். தரையில் இறங்குவதற்குச் சற்று முன்பே குதிக்கும் பொத்தானை அழுத்திவிட்டாலும் அந்த அழுத்தம் நினைவில் இருந்து, கால் பட்டதும் குதிப்பாள். மேலே பாயும்போது கூரை மூலையில் நான்கு பிக்சல் இடித்தால், அவளைத் தானாக ஓரத்துக்கு நகர்த்தி வழிவிடும். நூலிழையில் தப்பினோம் என்று தோன்றும் இடங்களில் பாதி, கேம் இரகசியமாகக் கைகொடுத்த இடங்கள். கடினமான கேம்களில் இவ்வளவு நேர்மையாக அமைந்தவை குறைவு. செத்தால் ஏன் செத்தோம் என்பது கண்முன்னே தெரியும்.

சுவரில் தொங்குவதற்குத்தான் கணக்கு வேண்டும், தம்பி முதலில் திணறப்போவதும் அங்கேதான். மட்லினின் தெம்பு 110 அலகு. அசையாமல் பிடித்திருந்தால் 11 நொடி தாங்கும். மேலே ஏறினால் இரண்டரை நொடிகூடத் தாங்காது. பிடித்தபடியே மேல்நோக்கிக் குதித்தால் ஒரு குதிக்கு 27.5 அலகு, அதாவது நான்கே குதி. தெம்பு 20க்குக் கீழே போனதும் உடல் சிவப்பாக மின்னும். எங்கே போவது என்பதைத் தரையில் நின்றே யோசித்துவிட்டுப் பிறகு சுவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடியை விட்டு, திசைப் பொத்தானையும் அழுத்தாமல் சுவரிலிருந்து குதித்து, உடனே அதே சுவருக்குத் திரும்பினால் தெம்பு செலவாகாது. இந்த ஒரு பழக்கம் பல திரைகளைத் திறந்துவிடும்.

இனிக் குறைகள். மூன்றாம் அத்தியாயத்தில் ஹோட்டல் முதலாளி துரத்தும் பகுதியில் உங்கள் வேகத்தில் போக முடியாது, அவருடைய நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை கேம் பழக்கிய தாளம் அங்கே குலைகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் இருட்டும் நீண்ட திரைகளும் சேர்ந்து, செத்த பிறகு திரும்ப நடக்கும் தூரத்தைக் கூட்டிவிடுகின்றன. ஆறாவதில் இறகைத் தொட்டுப் பறக்கும் கட்டம், கொன்ட்ரோலரில் வளைந்து திரும்பும் ஸ்டிக்கை மனதில் வைத்துச் செய்தது. கீபோடின் எட்டுத் திசையில் அது முரட்டுத்தனமாகத்தான் வரும்.

எங்கள் பெரிய மனக்குறை வேறு. சில நுணுக்கமான அசைவுகளைத் தொடக்கத்திலிருந்தே செய்ய முடியும், ஆனால் கேம் அவற்றைச் சொல்லித் தருவதில்லை. தரையை நோக்கிச் சாய்வாகப் பாய்ந்து, இறங்கும் கணத்தில் குதித்து நெடுந்தூரம் வழுக்கிப் போகும் அசைவுக்கான பாடம், 2019 செப்டம்பரில் இலவசமாகச் சேர்த்த கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது. அந்த அத்தியாயத்தின் ஏற்றமும் மிகச் செங்குத்து. தம்பி அதைத் தொடாவிட்டாலும் கதை முழுமையானதே. வழியில் கிடக்கும் ஸ்ட்ரோபெரிகளும் அப்படித்தான். 175 பழமும் சேர்த்தால் பெருமை, சேர்க்காவிட்டால் நட்டமில்லை. எடுத்த பழத்தோடு பத்திரமான தரையில் நின்றால்தான் அது கணக்கில் சேரும் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

லெப்டொப் பற்றி: குறைந்தபட்சத் தேவை 2 ஜீபி ராம், இன்டெல் எச்டி 4000 தரத்திலான கிராஃபிக்ஸ், 1.2 ஜீபி இடம். ராம் போதும், கிராஃபிக்ஸ் எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜரைச் செருகி, பவர் அமைப்பை உச்ச செயற்பாட்டில் வைத்து விளையாடட்டும். பழைய மெஷின்கள் பெட்டரி மிச்சம்பிடிக்கும்போது திணறும், இங்கே அரை நொடித் திணறல் ஒரு சாவு.

கீபோட் சோதனை இதுதான். கீபோடைப் பரிசோதிக்கும் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து, மேல் அம்பு, இடது அம்பு, எக்ஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு மேல், வலது, எக்ஸ். அதன்பின் இரண்டிலும் இசட்டையும் சேர்த்துப் பாருங்கள். இந்தக் கேமில் சி குதிப்பதற்கு, எக்ஸ் பாய்வதற்கு, இசட் பிடிப்பதற்கு. மலிவான கீபோடுகளில் சில கூட்டுகளில் கடைசிப் பொத்தான் பதிவாகாது, சாய்வாகப் பாய அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. அப்படியானால் அமைப்புகளில் பொத்தான்களை மாற்றுங்கள். பிடிப்பதை ஷிஃப்டுக்குக் கொடுப்பது நல்லது, அது பெரும்பாலும் தனி வயரிங்கில் இருப்பதால் மற்றவற்றோடு முட்டாது. ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் விண்டோஸில் ‘ஸ்டிக்கி கீஸ்’ பெட்டி குறுக்கே வரும், அதை முதலிலேயே அணைத்துவிடுங்கள். பின்னாளில் கொன்ட்ரோலர் வாங்கினால் பாய்வதற்கு ஸ்டிக்கைவிட, சிலுவை வடிவத் திசைப் பொத்தானான டி-பேட்தான் திசை பிசகாதது.

விரல் வலிக்கும், அதை அலட்சியப்படுத்த வேண்டாம். பிடிக்கும் பொத்தானை நெடுநேரம் அழுத்தியபடி இருப்பதே காரணம். அமைப்புகளில் பிடியை ‘டொகிள்’ ஆக்கினால் ஒரு தட்டில் பிடித்து மறு தட்டில் விடலாம். உங்கள் பக்கத்து விடியற்காலைக் குளிரில் விரைத்த விரலோடு உட்கார வேண்டாம், கை சூடேறட்டும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பட்டும். எழும்பும்போது ‘சேவ் அண்ட் குவிட்’ கொடுத்தால் அதே திரையிலிருந்து தொடரலாம்.

ஒரே திரையில் அரை மணித்தியாலம் போய்விட்டால் ‘அசிஸ்ட் மோட்’ இருக்கிறது. வேகத்தைப் பத்துப் பத்தாக 50 சதவீதம் வரை குறைக்கலாம், தெம்பை முடிவில்லாததாக்கலாம். முதலில் வேகத்தை 80க்கு இறக்கி வழியைப் பழகிக்கொண்டு, அதே திரையை 100இல் முடிக்கச் சொல்லுங்கள். குறைந்த வேகத்திலேயே நெடுநாள் விளையாடினால் விரலின் நேரக்கணக்கு மாறிவிடும், பிறகு திரும்புவது கஷ்டம்.

கதை முழுவதும் ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும், தமிழ் இல்லை. வசனங்கள் சிறியவை, சாதாரண தர ஆங்கிலம் போதும். மனப்பதற்றம் பற்றி அது பேசும் விதம் மென்மையானது. நான்காம் அத்தியாயத்தில் கம்பியில் போகும் தொங்குபெட்டி பாதியில் நின்றுபோய் மட்லின் மூச்சுத் திணறும் இடத்தில், கூட இருந்து பாருங்கள்.

காசு கொடுக்கும் முன், இந்தக் கேமைச் செய்த ஆட்களே முன்பு நான்கு நாளில் செய்த 30 திரை கொண்ட பழைய செலஸ்டேயைத் தம்பி பிரௌசரில் இலவசமாக விளையாடிப் பார்க்கட்டும். அதில் பத்தாவது திரை வரை ஆசையோடு போனால் வாங்குங்கள். ஸ்டீமில் வாங்கினால், 14 நாளுக்குள்ளும் இரண்டு மணித்தியால விளையாட்டுக்குள்ளும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு மணித்தியாலம் கேம் பிடிக்கிறதா என்று முடிவெடுக்கப் போதாது, லெப்டொப்பும் கீபோடும் ஒத்துழைக்கின்றனவா என்று பார்க்கத் தாராளம். முதல் நாளே இரண்டாம் அத்தியாயம் வரை போய் அதைப் பார்த்துவிடுங்கள்.