ஃபங்ஷனலா, நான்-ஃபங்ஷனலா: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, இன்டர்வியூவுக்குப் படிக்கிறேன். சாஃப்ட்வேர் ரிக்வயர்மென்டில் (தேவைகளில்) ஃபங்ஷனல், நான்-ஃபங்ஷனல் என்கிறார்களே, ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு வரியில் சொல்லுங்களேன்?

சாஃப்ட்வேர் என்ன செய்யணும் என்பது ஃபங்ஷனல். அதை எவ்வளவு வேகமா, எத்தனை பேருக்கு, எவ்வளவு பாதுகாப்பா செய்யணும் என்பது நான்-ஃபங்ஷனல். இதை எல்லாரும் ஒப்பிப்பார்கள், நீ உதாரணம் சொல்லு. ஐஆர்சிடிசியில் ரயில் தேடுவது, பணம் கட்டுவது, டிக்கெட்டை ரத்து செய்வது எல்லாம் ஃபங்ஷனல். காலை 10 மணிக்கு ஏசி தட்கல் திறந்ததும் ஊரே வந்து விழுமே, அப்போதும் இதெல்லாம் நடக்கணும் என்பது நான்-ஃபங்ஷனல். 2014-இல் புது சிஸ்டம் வந்தபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்ததை 7,200 ஆகவும், ஒரே சமயத்தில் உள்ளே இருக்கக்கூடியவர்களை 40,000-இலிருந்து 1,20,000 ஆகவும் உயர்த்தினார்கள்.

கேள்வி: கிளையன்ட் "ஆப் ஃபாஸ்ட்டா இருக்கணும்" என்று மட்டும் கொடுத்திருக்கிறார். அப்படியே டாக்குமென்டில் போடலாமா சார்?

வேண்டாங்க. டெஸ்டர் எதை வைத்து பாஸ், ஃபெயில் போடுவார்? "500 பேர் ஒரே நேரத்தில் தேடும்போது நூற்றில் 95 தேடலுக்கு 2 நொடிக்குள் பதில் வர வேண்டும்" என்று எழுதுங்கள். சராசரி என்று எழுதி மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். 90 தேடல் அரை நொடியிலும் மீதி 10 தேடல் 12 நொடியிலும் முடிந்தால் சராசரி 1.65 நொடிதான் வரும், ரிப்போர்ட் பச்சையா இருக்கும், அந்தப் பத்துப் பேர் ஆப்பைத் தூக்கியிருப்பார்கள். கிளையன்டுக்கு எண் தெரியவில்லையா, நீங்களே "5 நொடி பரவாயில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள், உடனே பேரம் ஆரம்பிக்கும்.

கேள்வி: 99.9% அப்டைம், அதாவது சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும் நேரம், கேட்கிறார்கள், சரி சொல்லிடலாமா?

வருஷத்துக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் சிஸ்டம் படுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். 99.99% என்றால் 52 நிமிடம்தான், ராத்திரிக்கும் ஆள் வேண்டும். மெயின்டெனன்ஸ் நேரம் இந்தக் கணக்கில் சேருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பின்னாடி சண்டை வருவது அங்கேதான்.

கேள்வி: லாகின் எந்தப் பக்கம்? எங்கள் டீமில் இதற்கே ஒரு மீட்டிங் போச்சு.

பாவம்! பாஸ்வேர்டு வாங்கி உள்ளே விடுவது ஃபங்ஷனல், அதை ஹாஷ் செய்துதான் (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றித்தான்) சேமிக்கணும் என்பது நான்-ஃபங்ஷனல். ஐந்து தடவை தப்பாகப் போட்டால் கணக்கைப் பூட்டணும் என்பதை எங்கே வைத்தாலும் குடி முழுகாது, அதற்கு டெஸ்ட் இருந்தால் போதும்.

கேள்வி: நான்-ஃபங்ஷனலைக் கடைசி ஸ்பிரின்டில் (சில வார வேலைச் சுற்றில்) பார்த்துக்கலாம் என்கிறார் எங்கள் மேனேஜர்.

ஒரு பட்டனைக் கடைசியில் சேர்க்கலாம். பத்து மடங்கு கூட்டத்தைத் தாங்கும் டிசைனைக் கடைசியில் சேர்க்க முடியாது, டேட்டாபேஸில் ஆரம்பித்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டணும். அமெரிக்க அரசின் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது ஒரே நேரத்தில் 50,000, 60,000 பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் 2,50,000 பேர் வந்தார்கள். முதல் நாளில் கடைசி வரை போய்க் காப்பீடு எடுத்தவர்கள் 6 பேர். லோட், அதாவது ஒரே நேரத்தில் வந்த கூட்டம், மட்டுமே காரணமில்லை, கோடிலும் கோளாறு இருந்தது, ஆனாலும் இந்தக் கதையை உங்கள் மேனேஜரிடம் சொல்லுங்கள். அப்புறம், முதல் ஸ்பிரின்டிலேயே முக்கியமான ஒரு ஸ்கிரீனுக்காவது லோட் டெஸ்ட் (கூட்டத்தைத் தாங்குமா என்ற சோதனை) ஓட்டிவிடுங்கள்.