நாவலுக்குள் வரும் தலைவர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக்) மில்லில் வேலை பார்க்கும் ஒரு நெசவுத் தொழிலாளியைப் பற்றி நாவல் எழுதுகிறேன். தொழிலாளர் தலைவர்கள் வாடியா, திரு.வி.க., சிங்காரவேலர் மூவரும் கதைக்குள் வருகிறார்கள். வாழ்க்கை வரலாறுகளை எல்லாம் படித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் மூவரும் ஒரே குரலில் முழங்குகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, ஓட்டேரி

பதில்: வாழ்க்கை வரலாறுகளை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு நாளைக் கையில் எடுங்கள். 1918 ஏப்ரல் 27, சனிக்கிழமை, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த நாள். அன்று வாடியாவுக்கு வயது 36. திரு.வி.க.வுக்கு 34. சிங்காரவேலருக்கு 58, அதாவது உங்கள் தொழிலாளிக்கு அப்பா வயதுக்கும் மேல். இந்த மூன்று எண்களை எழுதி வைத்தாலே யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள், யார் முன்னால் யார் எழுந்து நிற்பார்கள் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். ‘தமிழன்’ இதழை நடத்திய அயோத்திதாசரையும் மேடையேற்றச் சிலருக்கு ஆசை வரும். அவர் 1914லேயே மறைந்துவிட்டார். பெட்டிக்குள் மடித்து வைத்த பழைய ‘தமிழன்’ இதழாகத்தான் அவர் உங்கள் கதைக்குள் வர முடியும். அது இன்னும் அழகு.

அடுத்தது குரல். வாடியா பார்சி, பிரம்மஞான சபைக்காரர், தமிழ் பேசத் தெரியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேச, இன்னொருவர் தமிழில் சொன்னார். ஆகவே உங்கள் தொழிலாளி கேட்டது இரண்டு குரல்கள். வாடியாவின் கை முதலில் உயரும், அர்த்தம் பிறகு வரும், கைதட்டல் அதற்கும் பிறகு. அச்சில் வந்த பேச்சைப் பத்தி பத்தியாக அப்படியே இறக்கினால் இந்த இடைவெளி போய்விடும். திரு.வி.க. பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானவர், சைவத்தில் ஊறியவர். அவர் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். கூட்டம் உடனே அசையும்.

சிங்காரவேலர் விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அவர் தன்னைப் பொதுவுடைமைக்காரர் என்று காங்கிரஸ் மேடையிலேயே சொன்னது 1922 இறுதியில், கயாவில். சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது 1923இல். 1918இலேயே அவர் வாயில் மார்க்சைத் திணித்தால் ஐந்து வருட வளர்ச்சியை அழித்துவிடுகிறீர்கள். அன்றைய சிங்காரவேலர் வக்கீல், பௌத்தத்தில் ஈடுபாடு உள்ளவர், ஓயாமல் படிப்பவர்.

நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கித் தேதி, இடம், பக்கத்தில் இருந்தவர், ‘அவருக்கு இன்னும் தெரியாதது’ என்று நான்கு கட்டம் போடுங்கள். நான்காவதுதான் உயிர். அந்த ஏப்ரலில் உலகப்போர் நவம்பரில் முடியும் என்று யாருக்கும் தெரியாது. செப்டம்பரில் விலை தாங்காமல் சென்னையில் கடைகள் சூறையாடப்படும் என்பதும் தெரியாது.

இன்னொன்று. வாடியா வருவதற்கு முன்பே செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் பெரம்பூரில் ஒரு பக்தி சபை நடத்தி வந்தார்கள். சாமி கதை கேட்க வந்த தொழிலாளிகள் அங்கேதான் மில் கஷ்டத்தைச் சொல்லி அழுதார்கள். சோறு தின்ன விடுகிற நேரம் போதவில்லை என்பதும் அதில் ஒன்று. நாவல் அங்கே தொடங்கலாம்.

கேள்வி: 1921 பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தைப் பற்றி எங்கள் பக்கம் சொல்கிற கதை ஒன்று, சங்கத்தார் எழுதியது வேறு. எதை நம்பி எழுதுவது?
– வாசகர், புளியந்தோப்பு

பதில்: இரண்டையும் எழுதுங்கள். ஆனால் கலக்காதீர்கள். வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதில் சேராமல் மில்லுக்குப் போனார்கள். குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த மக்களுக்காகப் பேசியவர் எம்.சி. ராஜா. சங்கத்தின் பக்கம் திரு.வி.க. இருவரும் 1883இல் பிறந்தவர்கள், இருவரும் ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தவர்கள். இதைவிட என்ன வேண்டும் ஒரு நாவலாசிரியருக்கு!

வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போனவரைத் திட்டும் ‘கருங்காலி’ என்ற சொல்லைக் கதாபாத்திரம் சொல்லட்டும், கதைசொல்லி சொல்லக்கூடாது. சொன்னால் அந்த நொடியே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். திரு.வி.க.வின் தன்வரலாறு ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ 1944இல் வந்தது. சம்பவம் நடந்து 23 வருடம் கழித்து எழுதிய நினைவு என்பதை மறக்காமல் படியுங்கள். பக்கத்திலேயே 1921 சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளை வையுங்கள். ராஜா உறுப்பினராக இருந்த அவை அது. கோபம் ஆறாத சூட்டோடு பேசியவை அதில் இருக்கும். அந்த ஜூலையில்தான் பனகல் அரசர் முதலமைச்சரானார், கவர்னர் வில்லிங்டன். போலீஸை யார் அனுப்பினார்கள் என்று எழுதும் முன் இந்த இருவரையும் சரிபாருங்கள்.

கேள்வி: பழைய பத்திரிகைகளை எங்கே தேடுவது?
– வாசகர், ராயபுரம்

பதில்: எழும்பூரில் கன்னிமாரா நூலகம், ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். அடையாள அட்டையும், எந்த வருடம், எதைப் பற்றி என்று குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதமும் கையில் இருக்கட்டும். ‘திரு.வி.க. பற்றி வேண்டும்’ என்று கேட்டால் ஒன்றும் நகராது. ‘1921 ஜூன் முதல் டிசம்பர் வரை’ என்று கேளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தைக் கிளம்பும் முன்பே வீட்டில் துழாவிவிடுங்கள்.

இதழே கிடைக்காவிட்டாலும் ஒரு வழி உண்டு. சுதேசப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று வெள்ளை அரசாங்கம் ஆங்கிலத்தில் சுருக்கி அறிக்கை போட்டு வந்தது. அதில் தொலைந்த தலையங்கங்களின் சாரம் கிடைக்கும். சாரம் மட்டும்தான். அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கி, மேற்கோள் குறிக்குள் போட்டு, ‘திரு.வி.க. சொன்னார்’ என்று எழுதிவிடாதீர்கள். அது மொழிபெயர்ப்பாளரின் வாக்கியம். நூலகப் பட்டியலில் ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்றுபோல் இருக்காது. புளியந்தோப்பு ஒரு விதத்தில் அகப்படாவிட்டால் நாலு விதத்தில் தேடுங்கள்.

கேள்வி: தலைவர் பேசாததை அவர் பேசியதாக எழுதலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நாலு சுவருக்குள் எழுதலாம். தண்ணீர் கேட்கலாம், டிராமுக்கு நேரமாகிறது என்று சலித்துக்கொள்ளலாம். மேடையில் கூடாது, முக்கியமாகக் கொள்கை விஷயத்தில். நாளைக்கு யாராவது அதை உண்மை மேற்கோளாகச் சுவரொட்டியில் போட்டுவிடுவார்கள். டிராம் விடும்போதும் கவனம். சென்னையில் அது ஓடியது 1953 வரைதான்.

கேள்வி: தாத்தா பெட்டியில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடைத்தது. ‘பிரபவ ௵’ என்று மட்டும் இருக்கிறது. எந்த வருடம்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ௵ என்பது வருடத்தின் குறி. பிரபவ 60 வருடத்துக்கு ஒருமுறை வரும்: 1867, 1927, 1987. விலை அணாவில் இருந்தால் 1987 அடிபட்டுவிடும், 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. கூட்டத் தலைவரை ‘அக்கிராசனர்’ என்று போட்டு, சுயமரியாதை இயக்கத்தைப் பற்றியும் பேசினால் 1927 – 28தான். எழுத்து வடிவத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சீர்திருத்த எழுத்தை அரசு ஏற்றது 1978இல் என்றாலும், பெரியாரின் ‘குடிஅரசு’ 1935லேயே அதில் அச்சாகத் தொடங்கிவிட்டது.